கியர்பாக்ஸ் போன பழைய வண்டிக்கு பதிலா எது வாங்கலாம்? வாக்கர் வெச்சு நடக்கற அம்மா, கைக்குழந்தை, பட்ஜெட் டைட்

பழைய செடான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப கேக்க வேண்டிய நிலைமை வந்துருச்சு. எங்க வண்டி 14 வருஷம் ஆன பெட்ரோல் செடான், ஆட்டோமேட்டிக். கொஞ்ச நாளா ரெண்டாவதுலேர்ந்து மூணாவது கியர் மாறும்போது பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி ஒரு குலுக்கல், ரிவர்ஸ் போட்டா யோசிச்சு யோசிச்சு தான் நகருது, இஞ்சின் நல்லா சூடாயிட்டா ரிவர்ஸே விழறதில்ல. மெக்கானிக் கியர்பாக்ஸ இறக்கி பிரிக்கணும்னு சொல்றாரு. அவர் சொன்ன தொகை, இந்த வண்டிய இன்னைக்கு வித்தா கிடைக்கற காசுல பாதிக்கு மேல வருது. அதான் மாத்திடலாம்னு முடிவு.

வீட்டுல நாங்க நாலு பேர். நான், மனைவி, 9 மாசக் குழந்தை, எங்கம்மா. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், வாக்கர் வெச்சு நடக்கறாங்க. தினம் ஆபீஸ் போக வர 15 கிலோமீட்டருக்குள்ள தான், ஆனா முக்காவாசி தூரம் நகர்ந்து நகர்ந்து நிக்கற டிராஃபிக். வாரத்துக்கு ஒரு தடவ அம்மாவ பிசியோதெரபிக்கு கூட்டிட்டு போகணும். வருஷத்துல எப்பயாவது நாலு பேருமா நீண்ட பயணம். அடுக்குமாடி வீடு, பார்க்கிங் தெருவுல தான்.

பணம் பாதி கையில இருக்கு, மீதி லோன். அதே பட்ஜெட்ல மூணு வழி தெரியுது. ஒண்ணு, புது சின்ன ஹேட்ச்பேக், பேஸ் வேரியன்ட். ரெண்டு, 4 வருஷம் ஓடின டீசல் காம்பாக்ட் எஸ்யூவி, மைலேஜ் அள்ளுதுன்னு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். மூணு, 8 வருஷம் ஓடின பெரிய லக்ஷுரி செடான், மத்த ரெண்டு வண்டி விலைக்கே வருது, உண்மைய சொன்னா மனசு அங்க தான் கிடக்கு. மனைவி இது எதுவுமே வேணாம் எலக்ட்ரிக் வாங்குங்கறாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


ஸ்பேனர் 12:

மொதல்ல ஒரு கேள்வி சார், கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் நிறத்தையும் யாராவது பாத்தாங்களா? சூடான பிறகு ரிவர்ஸ் விழல, கியர் மாறும்போது உதைக்குதுன்னா உள்ள கிளட்ச் பேக் தேய்ஞ்சிருக்கலாம், சீல் கசிஞ்சு பிரஷர் நிக்காம போயிருக்கலாம், கியர் ஆயில திருப்பி விடற வால்வ் பாடியில ஒரு சோலனாய்ட் (கரண்ட்ல வேலை செய்யற வால்வ்) ஒட்டிக்கிட்டு இருக்கலாம், சில சமயம் வெறும் ஆயில் குறைச்சலாவும் இருக்கும். ஆயில் கருத்துப்போய் கருகின வாசனை அடிச்சா உள்ள சேதம் நிஜம், அதோட விட்டுடுங்க. செகப்பா தெளிவா இருந்தா இன்னொரு கடையில ஸ்கேனர் போட்டு பாக்க சொல்லுங்க. விக்கறதா இருந்தாலும் சோலனாய்ட் கோளாறு உள்ள வண்டிக்கும் கியர்பாக்ஸ் போன வண்டிக்கும் கிடைக்கற விலை ஒண்ணு இல்ல.

இப்ப உங்க மூணு வழிக்கு வரேன். டீசல் வேணாம். ஃப்ரெண்ட் சொல்றது பொய் இல்ல, ஆனா அவர் எவ்ளோ தூரம் ஓட்டறாருன்னு கேளுங்க. இப்ப வர்ற டீசல் எல்லாத்துலயும் சைலன்சர் பக்கம் டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், புகைக்கரிய புடிச்சு வெச்சுக்கும். நெறைஞ்சதும் அத எரிச்சு சுத்தம் பண்ண உள்ள சுமார் 600 டிகிரி சூடு வேணும், அதுக்கு வண்டி ஒரே சீரா ஒரு கால் மணி இருபது நிமிஷம் ஓடணும். உங்க டிராஃபிக்ல அது பாதியிலயே நின்னுடும், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிக்கும். அந்த எரிப்புக்காக கூடுதலா அடிக்கற டீசல்ல கொஞ்சம் இஞ்சின் ஆயில்ல போய் கலக்கும், டிப்ஸ்டிக்க இழுத்து பாத்தா ஆயில் குறையறதுக்கு பதிலா ஏறி நிக்கும். கடைசியில மஞ்ச விளக்கு, பவர் கட்டு, ஃபில்டர் மாத்துங்கன்னு ஒரு பில்லு. உங்க ஓட்டத்துக்கு டீசல் வண்டி சும்மா குடுத்தாலும் யோசிக்கணும்.

லக்ஷுரி செடான பத்தி ஒண்ணே ஒண்ணு. வண்டி விலை தான் எறங்கியிருக்கு, பார்ட்ஸ் விலை எறங்கல. ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை இருந்தா, அந்த பை ஒண்ணு கசிஞ்சா போதும், ராத்திரி நிறுத்தின வண்டி காலையில ஒரு பக்கம் தரையோட தரையா படுத்து கிடக்கும். முன்னாடி ஒரு ஹெட்லைட் உள்ள தண்ணி போனா முழு யூனிட்டா தான் மாத்தணும்பாங்க, அந்த விலைய கேட்டுட்டு உக்காந்துட்டவங்கள பாத்திருக்கேன். புதுசுல அந்த வண்டிய வாங்க வசதி இருந்தவருக்கு இருந்த அதே மெயின்டனன்ஸ் செலவு தான் உங்களுக்கும்.

டிராஃபிக்குக்கு எந்த ஆட்டோமேட்டிக்குன்னு அடுத்து கேப்பீங்க. டார்க் கன்வர்ட்டர், ஆயில் வழியா இஞ்சின் பலத்த கடத்தறது, பழைய நம்பிக்கையான சமாச்சாரம், கொஞ்சம் பெட்ரோல் கூட குடிக்கும். சிவிடி, தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடறது, நகர்ந்து நகர்ந்து போற ரோட்டுக்கு வழுவழுன்னு இருக்கும், ஆனா அதோட ஆயில நேரத்துக்கு மாத்தணும், "லைஃப்டைம் ஆயில், தொடவே வேணாம்"னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. ரெண்டு கிளட்ச் வெச்ச டூயல் கிளட்ச்ல ட்ரை டைப் (ஆயில்ல முங்காதது) இருக்கு பாருங்க, அது நெரிசல்ல ஊர்ந்து போனா கிளட்ச் சூடாயி வார்னிங் குடுக்கும், உங்க ரூட்டுக்கு அது ஆகாது. ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸ மெஷினே மாத்தறது, மலிவு, ரிப்பேரும் சுலபம், ஆனா ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னாடி பின்னாடி ஆடும், முட்டி வலி உள்ள அம்மாவ ஒரு தடவ உக்கார வெச்சு ஓட்டி பாத்துட்டு சொல்லுங்க.


கணக்குப்புள்ள:

ஸ்பேனர் அண்ணன் இஞ்சின் பக்கம் சொல்லிட்டாரு, நான் நோட்டுப் பக்கம் வரேன்.

உங்க ஓட்டம் ஆபீஸ், பிசியோ, நீண்ட பயணம் எல்லாம் சேத்து தாராளமா வெச்சாலும் வருஷத்துக்கு 7000 கிலோமீட்டர தாண்டாது. லிட்டருக்கு 15 குடுக்கற வண்டி இதுக்கு சுமார் 467 லிட்டர் குடிக்கும், 20 குடுக்கறது 350 லிட்டர். வித்தியாசம் வருஷம் பூரா சேத்து 117 லிட்டர். இந்த 117 லிட்டர உங்க ஊரு விலையால பெருக்கி பாருங்க, அதிக மைலேஜ் வண்டிக்கு எவ்ளோ கூட கேக்கறாங்கன்னு பாருங்க, எத்தன வருஷத்துல ஈடாகுதுன்னு தெரிஞ்சிடும். தினம் 80 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு மைலேஜ் தான் உயிரு, உங்களுக்கு அது நாலாவது அஞ்சாவது விஷயம். பெட்ரோல் இஞ்சினோட பேட்டரி மோட்டாரும் இருக்கற ஹைப்ரிட்டுக்கும் இதே கதை, டிராஃபிக்ல அது நெஜமாவே நல்லா மிச்சம் பண்ணும், பிரேக் போடறப்ப வீணாப் போறத திரும்ப பேட்டரிக்குள்ள புடிச்சுக்கும், ஆனா மிச்சம் பண்றதுக்கு மொதல்ல செலவு இருக்கணுமே.

மைலேஜ்ல இன்னொரு கண்கட்டு இருக்கு. 10 குடுத்துட்டு இருந்த வண்டிய 12 குடுக்கறதா மாத்தினா ஆயிரம் கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 20 குடுக்கறத 24 ஆக்கினா 8 லிட்டர் தான். ரெண்டாவது பெரிய முன்னேற்றம் மாதிரி விளம்பரத்துல தெரியும், பர்ஸுக்கு மொதல் தான் பெருசு. உங்க பழைய செடான் என்ன குடுத்துச்சோ அதவிட ஓரளவு நல்லதா இருந்தாலே போதும்.

செலவுல பெரிய பூதம் தேய்மானம், அதாவது விலை எறக்கம். அத யாருமே கண்ணால பாக்கறதில்ல, விக்கும்போது தான் தெரியும். புது வண்டிக்கு மொதல் மூணு வருஷத்துல தான் பெரிய அடி விழும். அந்த அடிய இன்னொருத்தர் வாங்கிக்கட்டும், நீங்க 3லேர்ந்து 5 வருஷம் ஓடின பெட்ரோல் வண்டியா பாருங்க. புது பேஸ் வேரியன்ட்டுக்கு குடுக்கற காசுல இதுல மேல் வேரியன்ட் வரும், சைடு ஏர்பேக், ரியர் கேமரா, சீட் உயரம் ஏத்தி எறக்கற வசதி எல்லாம் சேந்தே வரும்.

லோன பத்தி: மாசம் எவ்ளோ கட்டணும்னு மட்டும் பேசுவாங்க, அந்த வலையில விழாதீங்க. 7 வருஷம்னு இழுத்தா மாசத் தவணை சின்னதா அழகா தெரியும், ஆனா நடுவுல வண்டிய விக்க வேண்டி வந்தா வண்டி மதிப்ப விட பாக்கி கூட நிக்கும். விலையில நூத்துக்கு 20 முன்பணம், 4 வருஷ லோன், மாச சம்பளத்துல நூத்துக்கு 10 தாண்டாம மொத்த வண்டி செலவுன்னு ஒரு பழைய விதி இருக்கு, கண்டிப்பானது தான், ஆனா சொந்தக் கணக்க அதோட வெச்சு பாத்தா எங்க நிக்கறோம்னு புரியும்.

அப்புறம் பட்ஜெட்டுன்னு நீங்க சொல்ற தொகை முழுசையும் வண்டியில போட்டுடாதீங்க. பழைய வண்டி வாங்கினா மொத வருஷம் டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், பிரேக் பேடுன்னு வரிசையா வரும். பத்துல ஒரு பங்கு தனியா எடுத்து வெச்சுட்டு மீதிக்கு வண்டி தேடுங்க. இன்ஷூரன்ஸ் எவ்ளோ வரும்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, ஒரே விலை வண்டிகளுக்குள்ளயே அது நல்லா வித்தியாசப்படும்.


பின்சீட் அம்மா:

மேல எல்லாரும் இஞ்சினும் காசும் பேசியாச்சு, வண்டிக்குள்ள யாரு எங்க உக்காரப் போறாங்கன்னு யாரும் கேக்கலயே. நான் கேக்கறேன் அண்ணா, ஏன்னா எங்க வீட்டுலயும் மாமியாரும் கைக்குழந்தையும் ஒரே சமயத்துல தான்.

குழந்தைக்கு இப்ப பின்பக்கம் பாத்து உக்கார்ற சீட்டு தான். இத ஏர்பேக் ஆன்ல இருக்கற முன்சீட்டுல எந்தக் காரணத்துக்கும் வைக்கக் கூடாது, ஸோ பின்னாடி தான். அந்த சீட்டு பின்னாடி போட்டா அதுக்கு முன்னாடி இருக்கற சீட்ட நல்லா முன்னுக்கு தள்ளணும், டேஷ்போர்டுல முட்டி இடிக்கற அளவுக்கு. அம்மா முன்னாடி தான் உக்காருவாங்கன்னா அவங்க பின்னாடி குழந்தை சீட்ட போடவே முடியாது, அவங்களுக்கு முட்டி நீட்ட இடம் வேணும். அப்ப குழந்தை டிரைவர் பின்னாடி. நீங்க உயரமா? உயரம்னா இப்ப ஸ்டியரிங் உங்க நெஞ்சுல வந்து நிக்கும். உங்க மனைவி அம்மா சீட்டுக்கு பின்னாடி உக்காரணும், அங்க அம்மா சீட்ட பின்னாடி தள்ளி வெச்சிருப்பீங்க, மனைவிக்கு இடம் இருக்கா? நடுவுல போடலாமேன்னா பெரும்பாலான வண்டியில குழந்தை சீட்ட மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கி ஓரத்து ரெண்டு சீட்டுக்கு தான் இருக்கும். நாலு பேருக்கு இவ்ளோ கணக்கு இருக்கு, அதனால குழந்தை சீட்ட கையோட தூக்கிட்டு போய் ஷோரூம்லயே மாட்டி பாருங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். உங்க குழந்தை சீட்டுக்கு கீழ தரையில ஊனற கால் இருந்தா, பின்பக்க தரையில மூடி போட்ட பெட்டி இருக்கற வண்டியில கவனம், உள்ள காலியான தரை மேல அந்தக் கால ஊனக் கூடாது, வண்டி கையேட்டுல போட்டிருப்பாங்க.

அம்மா விஷயம் இன்னும் முக்கியம். எஸ்யூவி உயரமா இருக்கும் வயசானவங்களுக்கு நல்லதுன்னு பொதுவா சொல்வாங்க, பாதி தான் சரி. ரொம்ப தாழ்வா இருந்தா செடான் மாதிரி கீழ விழுந்து உக்காரணும், எழும்போது முட்டி முழு பாரத்தையும் தாங்கணும். ரொம்ப உயரமா இருந்தா ஒரு கால தூக்கி ஏறணும், அந்தக் கால் தான் வலிக்கற கால். அவங்க நேரா நிக்கும்போது சீட்டு விளிம்பு பின்பக்கம் அவங்க இடுப்புக்கு கொஞ்சம் கீழ வந்து தொடணும், அப்படியே பின்னாடி சாஞ்சா உக்காந்துடணும். அது தான் அளவு, வண்டிக்கு பேரு ஹேட்ச்பேக்கா எஸ்யூவியாங்கறது அப்புறம்.

உக்கார்ற முறையும் இருக்கு. ஒரு கால உள்ள விட்டு நுழையற நம்ம பழக்கம் அவங்களுக்கு ஆகாது. முதுக வண்டிப் பக்கம் காட்டி, மொதல்ல உக்காந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும். அதுக்கு கதவு நல்லா அகலமா தொறக்கணும், சில வண்டியில பாதியிலயே நின்னுடும். கதவுக்கு கீழ இருக்கற அந்த படி மாதிரி தகடு அகலமா இருந்தா கால் அதத் தாண்டி தூக்கணும், குறுகலா இருக்கறது நல்லது. சீட்டு ஓரம் உப்பலா ஸ்போர்ட்ஸ் சீட்டு மாதிரி இருந்தா திரும்பும்போது தொடைய குத்தும். மேல கைப்பிடி முன்சீட்டுக்கு இருக்கான்னு பாருங்க, பேஸ் வேரியன்ட்ல மிச்சம் பண்றேன்னு அதையும் புடுங்கிடறாங்க. என் மாமியாருக்கு துணி சீட்டுல திரும்ப கஷ்டமா இருந்துச்சு, ஒரு பிளாஸ்டிக் கவர விரிச்சு அது மேல உக்கார வெச்சா வழுக்கிட்டு திரும்பிடுவாங்க, ஆனா திரும்பினதும் கவர உருவி எடுத்துடணும், பிரேக் போட்டா பெல்ட்டுக்கு கீழ சறுக்கிடும்.

டிக்கி: செடான் டிக்கி லிட்டர் கணக்குல பெருசா போட்டிருப்பாங்க, வாய் சின்னது. மடிச்ச வாக்கரும் குழந்தை வண்டியும் சேந்து உள்ள போகுதான்னு ரெண்டையும் எடுத்துட்டு போய் வெச்சு பாருங்க. இலக்கத்த நம்பாதீங்க.


பழைய செடான்:

ரொம்ப நன்றி, குறிப்பா பின்சீட் அம்மா. இத எழுதின அன்னைக்கு எந்த சீட்டுல யாருன்னு நான் யோசிக்கவே இல்ல, நேத்து வீட்டு முன்னாடி நிக்கற நம்ம செடான்லயே அம்மாவ வெச்சு பாத்தேன், நீங்க சொன்ன மாதிரி எறங்கும்போது கதவு மேல் விளிம்ப ஒரு கையால புடிச்சு, இன்னொரு கையால டேஷ்போர்ட அழுத்தி, ரெண்டு தடவ ஆடி மூணாவது தடவ தான் எழுந்தாங்க. ஸோ லக்ஷுரி செடான் ஆசைக்கு இன்னையோட கும்பிடு, டீசலுக்கும் சேத்து. எலக்ட்ரிக் பத்தி யாரும் சொல்லலயே, மனைவி பக்கத்துல உக்காந்து படிச்சிட்டு இருக்காங்க.


மின்னல் கம்பி:

நான் 4 வருஷமா எலக்ட்ரிக் ஓட்டறேன், திரும்ப இஞ்சின் வண்டிக்கு போற எண்ணமே இல்ல. அதனால சொல்றேன், உங்களுக்கு இப்ப வேணாம். ஓட்டத்துக்கு கச்சிதமா பொருந்தும், 15 கிலோமீட்டருக்கு ரெண்டே கால் யூனிட் கரண்ட் போதும், சாதாரண பிளக்குல ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள ஏறிடும், நெரிசல்ல சூடாகறதுக்கு கிளட்சும் கிடையாது. ஆனா தெருவுல நிறுத்தறீங்களே. சார்ஜ் போட சொந்த இடம் இல்லாத எலக்ட்ரிக்ல வாரா வாரம் பப்ளிக் சார்ஜர்ல போய் காத்துக் கிடக்கணும், விலையும் வீட்டு கரண்ட்ட விட கூட. ஆபீஸ்ல பார்க்கிங்ல ஒரு பிளக் நிச்சயமா கிடைக்கும்னா கதையே மாறும், அத மட்டும் கேட்டு பாருங்க. பழைய எலக்ட்ரிக் பாத்தா பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் இல்லாம பேசாதீங்க. பல கம்பெனி பேட்டரிக்கு மட்டும் 8 வருஷம் அல்லது 160000 கிலோமீட்டர் வாரன்ட்டி குடுக்கறாங்க, கொள்ளளவு 70 சதவீதத்துக்கு கீழ போனா தான் மாத்துவாங்க, அதுல எத்தன வருஷம் மிச்சம், அடுத்த ஓனருக்கு மாறுமான்னு பாக்கணும்.


நேர் ரோடு:

எல்லாரும் புதுசு வாங்க வழி சொல்றீங்க, வண்டிய ரிப்பேர் பண்ணி ஓட்டறத பத்தி யாரும் பேசல. ரிப்பேர் செலவ வண்டி மதிப்போட ஒப்பிடறதே தப்பு. அடுத்த வண்டிக்கு ஒரு வருஷத்துக்கு ஆகற லோன் தவணை பிளஸ் விலை எறக்கத்தோட ஒப்பிடணும். கியர்பாக்ஸ் செஞ்சு இன்னும் 3 வருஷம் ஓடினா எது லாபம்?


கணக்குப்புள்ள:

நேர் ரோடு சொல்ற கணக்கு முறை சரி தான், ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் நல்லா இருக்கற வண்டின்னா நானும் ரிப்பேர் தான் சொல்லியிருப்பேன். ஆனா 14 வருஷ வண்டியில கியர்பாக்ஸோட நிக்காது, சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர்னு வரிசை கட்டி நிக்கும். அதுக்கு மேல அம்மாவால அந்த வண்டியில ஏறி எறங்க முடியலங்கறத எந்த கியர்பாக்ஸும் சரி பண்ணாதே.


பழைய செடான்:

ஆபீஸ்ல கேட்டேன், பிளக் கிடையாதாம். மனைவி அரை மனசா சரின்னுட்டாங்க.

வார இறுதியில அம்மா, குழந்தை சீட்டு, வாக்கர் எல்லாத்தையும் அள்ளிட்டு போய் வண்டிங்கள பாத்தோம். பின்சீட் அம்மா சொன்ன மாதிரியே சேல்ஸ்மேன் ஒரு மாதிரி தான் பாத்தாரு. காம்பாக்ட் எஸ்யூவியில அம்மாவால கால தூக்க முடியல. உயரமான கூரை வெச்ச ஹேட்ச்பேக் இருக்கு பாருங்க, டால்பாய்ம்பாங்க, அதுல ஒரே தடவையில உக்காந்துட்டாங்க, "இதுல நான் தனியா எறங்கிடுவேன்டா"ன்னு சொல்லிட்டு எறங்கியும் காமிச்சாங்க. டர்போ இல்லாத சாதா பெட்ரோல், சிவிடி. புதுசு பட்ஜெட்ட தாண்டுது. அதே மாடல் 4 வருஷம் ஓடினது ரெண்டு கிடைச்சிருக்கு. ஒண்ணு டீலர்கிட்ட, பளபளன்னு இருக்கு, கிலோமீட்டர் ரொம்ப கம்மி, சர்வீஸ் புக் தொலைஞ்சு போச்சுங்கறாங்க. இன்னொண்ணு ஒரு தனி ஆள்கிட்ட, பம்பர்ல கீறல், கிலோமீட்டர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா எல்லா சர்வீஸ் பில்லும் ஃபைல்ல போட்டு வெச்சிருக்காரு. விலை டீலர் வண்டிக்கு தான் அதிகம். எத எடுக்கலாம், என்ன பாக்கணும்?


ஸ்பேனர் 12:

ஃபைல் வெச்சிருக்கறவர் வண்டி. ரெண்டாவது யோசனையே இல்லாம மொதல்ல அத பாருங்க. அந்த ஃபைல்ல சிவிடி ஆயில் மாத்தின பில்லு இருக்கான்னு தேடுங்க, இருந்தா பாதி வேலை முடிஞ்சது. இல்லன்னா வாங்கின கையோட கம்பெனி சொன்ன ஆயிலாவே மாத்திடுங்க, வேற ஆயில் ஊத்தினா சிவிடி காலி.

போறதுக்கு முன்னாடியே, "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. போனதும் பானட் மேல கைய வைங்க, சூடா இருந்தா ஏன் சூடாக்கினீங்கன்னு கேளுங்க. இஞ்சின் கோளாறு முக்காவாசி குளிர்ந்த ஸ்டார்ட்டுல தான் பேசும். ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி ஒருத்தர் நின்னு புகைய பாக்கணும், நீலமா வந்தா ஆயில் எரியுது, இனிப்பு வாசனையோட வெள்ளையா நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுது. கொஞ்ச நேரம் வர்ற நீராவி சகஜம், பயப்படாதீங்க.

டயர் ஓரத்துல டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்துங்க கடைசியில நாலு நம்பர் இருக்கும். 2321ன்னா 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. 4 வருஷ வண்டி, கம்மி கிலோமீட்டர்னு சொல்றாங்க, ஆனா நாலு டயரும் போன வருஷம் செஞ்சதா இருந்தா, ஒரிஜினல் டயர் எங்க போச்சு? அந்த டீலர் வண்டிய பாக்கப் போனா இத கேளுங்க, பதில் சுவாரஸ்யமா இருக்கும். பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் மேல் பக்கத்தையும் தொட்டு பாருங்க. மீட்டர மாத்தறவன் பெடல மாத்த மறந்துடுவான்.

தண்ணியில மூழ்கின வண்டியான்னு பாக்க சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. வெளிய தெரியற பாகம் கழுவியிருப்பாங்க, உள்ள சுருண்டு இருக்கற பாகத்துல சேத்துக் கோடு நிக்கும். ஸ்டெப்னி தூக்கி அந்தப் பள்ளத்துல வண்டல் இருக்கா, சீட்டுக்கு கீழ அது முன்ன பின்ன நகர்ற கம்பியில துரு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்கற ஓபிடி ஸ்கேனர் சின்னது ஒண்ணு கடன் வாங்கியாவது கொண்டு போங்க. எரர் கோடு எதுவும் இல்லன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, வண்டி தன்னத் தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டற ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க முக்காவாசி "முடியல"ன்னு காமிச்சா நீங்க வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி யாரோ கோட அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. எதுக்குன்னு கேக்கணும்.

ஓட்டும்போது பாட்ட நிறுத்திடுங்க. சிவிடி நிறுத்தின இடத்துலேர்ந்து மெதுவா நகரும்போது அதிருதா, மேடு ஏறும்போது முனகல் வருதான்னு கேளுங்க, கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுவை இருக்கும், அது அதோட குணம். உங்க டிராஃபிக்ல அர மணி நேரம் ஊர்ந்துட்டு அப்புறம் ரிவர்ஸ் போட்டு பாருங்க. காலி ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்தா ஒண்ணும் தெரியாது.


பின்சீட் அம்மா:

பாதுகாப்பு ஸ்டார் பாக்கும்போது எந்த வருஷ டெஸ்ட்னும் பாருங்க அண்ணா. கார மோத விட்டு ஸ்டார் குடுக்கற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்காப்ல ஃபியட் புன்டோ 2005ல 5 ஸ்டார் வாங்குச்சு, அதே புன்டோவ 2017ல திரும்ப டெஸ்ட் பண்ணப்ப பூஜ்யம். கார் பெருசா மாறல, டெஸ்ட் கண்டிப்பாயிடுச்சு. 4 வருஷ வண்டின்னா அந்த வருஷத்து ரிப்போர்ட்ல குழந்தைங்களுக்கான மார்க் தனியா போட்டிருப்பாங்க, மொத்த ஸ்டார விட அத பாருங்க. வண்டி சறுக்காம புடிக்கற ஈஎஸ்சி உங்க வேரியன்ட்ல இருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க, சில மாடல்ல மேல் வேரியன்ட்ல மட்டும் தான் குடுப்பாங்க.


பழைய செடான்:

தனி ஆள்கிட்ட போயிட்டு வந்துட்டேன். பானட் ஜில்லுன்னு இருந்துச்சு. சிவிடி ஆயில் பில்லு இருக்கு. டயர் நாலும் வண்டி வயசு தான், கட்டை தேய்ஞ்சிருக்கு, ஸ்கேனர்ல எல்லாம் முடிஞ்சதுன்னு தான் காமிக்குது. மனைவிக்கு பின்னாடி இடம் சுமார், ஆனா சமாளிச்சுக்கலாம்ங்கறாங்க. டயர காமிச்சு விலை குறைக்க கேக்கலாமா, இல்ல அவரே மாத்தி குடுக்கட்டும்னு சொல்லலாமா?


ஸ்பேனர் 12:

விலைய குறைக்க சொல்லுங்க. அவர் மாத்தினா கிடைக்கறதுலயே மலிவான டயரா போட்டுட்டு குடுப்பாரு. வாங்கினதும் டயர் மாத்தும்போதே வீல் அலைன்மென்ட்டும் பாத்துடுங்க. அப்படியே அந்த பழைய செடான என்ன பண்ணீங்க, கியர்பாக்ஸ் ஆயில் என்ன நிறம்?


பழைய செடான்:

கருகல் வாசனை தான் அண்ணா. அப்படியே சொல்லி பார்ட்ஸுக்கு எடுக்கறவர்கிட்ட பேசியிருக்கேன்.